சுட்டவன் கதையே ஏன் விற்கிறது?

ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச்சேரி காந்தி வீதியில் கடைகள் ஷட்டரை இறக்கிவிடும். அவற்றின் வாசலில் சண்டே மார்க்கெட் விரியும். சட்டை, செருப்பு, பிளாஸ்டிக் குடம், பழைய மிக்சி ஜார், இடையிடையே பழைய புத்தகங்கள். பக்கத்தில் பெரிய மார்க்கெட். அரசு ஆவணங்களில் அதன் பெயர் குபேர் அங்காடி. அங்கே கீரை விற்கும் என் சித்தி அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, சித்திக்கு மதியச் சாப்பாடு கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, கூட வந்த சித்தி மகன் நடைபாதைக் கடையில் ஒரு தடித்த ஆங்கில நாவலைப் பேரம் பேசி அறுபது ரூபாய்க்கு வாங்கினான். 'தி கிரே மேன்'. அமெரிக்க எழுத்தாளர் மார்க் கிரீனி 2009இல் எழுதியது.

"நம்ம தனுஷ் நடிச்ச படம்கா. அதோட புக்கு" என்றான்.

தம்பி பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டுக் காவலர் தேர்வுக்குத் தயாராகிறான். விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் ஓடுகிறான், பகலில் பொது அறிவுக் கையேடு படிக்கிறான். போலீஸ் ஜீப் வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிற தெரு எங்களுடையது. அந்தத் தெருவிலிருந்து ஒருவன் காக்கிச் சட்டையோடு வெளியே வர வேண்டும் என்பது சித்தியின் ஆசை. அந்த ஆசையைக் கேலி செய்கிற உரிமை, கல்வி உதவித்தொகையில் ஆய்வு செய்துகொண்டிருக்கும் எனக்கு இல்லை.

ஒரே வாரத்தில் நாவலை முடித்துவிட்டு என்னிடம் கொடுத்தான். கொடுக்கும்போது ஒரு வாக்கியம் சொன்னான். "பாவம்கா அவன். கவர்மெண்டு சொன்னதத்தான செஞ்சான்?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

நாவலில் யார் சாகிறார்கள்?

கதை இதுதான். கோர்ட் ஜென்ட்ரி அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வுக்காகக் கொலைகள் செய்தவன். ஒருநாள் அதே நிறுவனம் அவனைக் கண்ட இடத்தில் கொல்ல உத்தரவிடுகிறது. தப்பித்தவன் கூலிக்குக் கொலை செய்து பிழைக்கிறான். ஆனால் சாகத் தகுதியானவர்கள் என்று தனக்குத் தோன்றுகிறவர்களை மட்டுமே கொல்வான். நைஜீரிய அதிபரின் தம்பியை அவன் கொன்றுவிட, அதிபர் அவனது உயிரைக் கேட்கிறார். யாரிடம்? அந்த நாட்டின் இயற்கை எரிவாயு ஒப்பந்தத்துக்காகக் காத்திருக்கும் ஒரு பிரெஞ்சு நிறுவனத்திடம். ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டுமென்றால் அவனது பிணம் வேண்டும். நிறுவனம் பல ஏழை நாடுகளின் அரசுக் கொலைப்படைகளை ஐரோப்பாவுக்கு வரவழைத்து, அவன் மீது ஏவுகிறது. ஜென்ட்ரி வரிசையாக அவர்களைக் கொன்றபடி, பிணைக்கைதிகளாக இருக்கும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றப் பிரான்சின் நார்மண்டிக்குப் போகிறான்.

சொல்லிவிடுகிறேன், எனக்கு நாவல் பிடித்திருந்தது. இரவு இரண்டு மணி வரை கீழே வைக்க முடியவில்லை. அடிபட்டு, தூக்கமின்றி, ரத்தம் வழிய ஓடுகிறவனோடு நாமும் ஓடுகிறோம். அவனுக்குக் காயம் பட்டால் நமக்கு வலிக்கிறது. கெட்டிக்கார எழுத்தாளர்தான்.

முடித்த பிறகு ஒரு காகிதத்தில், அவன் கையால் செத்தவர்களில் எத்தனை பேரின் பெயர் எனக்கு நினைவிருக்கிறது என்று எழுதிப் பார்த்தேன். ஒரு கையின் விரல்களைத் தாண்டவில்லை. மூன்றாம் உலக நாடுகளிலிருந்து வந்த கொலைப்படை ஆட்கள் அலை அலையாக வந்து விழுகிறார்கள். அவர்களும் அவரவர் அரசு அனுப்பியதால் வந்தவர்கள்தான். 'கவர்மெண்டு சொன்னதத்தான செஞ்சான்' என்கிற இரக்கம் அவர்களில் ஒருவருக்கும் கிடைப்பதில்லை. இத்தனை கொலைக்கும் காரணமான எரிவாயு யாருடைய நிலத்தடியில் இருக்கிறதோ, அந்த நைஜீரிய மக்கள் கதைக்குள் வருவதே இல்லை. எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் மண்ணை நாசமாக்குவதை எதிர்த்த ஓகோனி மக்களின் எழுத்தாளர் கென் சரோ-விவாவை, 1995 நவம்பர் 10 அன்று அந்நாட்டு ராணுவ அரசு தூக்கிலிட்டது. அரசும் கொலையும் எரிபொருளும் உண்மையில் எப்படிச் சேருகின்றன என்பதற்கு அது எடுத்துக்காட்டு. அந்தக் கதையில் ஓடவும் தப்பிக்கவும் ஒரு நாயகன் இல்லை.

இது ஒரு நாவலின் குறை மட்டுமல்ல. 'முன்னாள் அரசுக் கொலையாளி' என்கிற நாயகன் இன்று உலகமெங்கும் விற்கும் சரக்கு. நம் ஊரிலும் விற்கிறான். 2022 ஜூன் மாதம் 'விக்ரம்' வந்தது. அரசு ரகசியமாக உருவாக்கி, பிறகு கைகழுவிய ஒரு படையின் தலைவன்தான் அதன் நாயகன். அடுத்த மாதமே 'தி கிரே மேன்' படமாக வந்தது. அதில் தனுஷ் ஏற்றது, கூலிக்குக் கொலை செய்யும் ஒரு தமிழரின் பாத்திரம். ஹாலிவுட்டில் ஒரு தமிழன் என்று நாம் பெருமைப்பட்டோம். என்ன வேலைக்காக அந்தத் தமிழனை அழைத்தார்கள் என்று அதிகம் பேசவில்லை.

படத்தில் ஓர் இடம் முக்கியமானது. படத்தின் நாயகன் சிறையிலிருந்து எடுக்கப்படுகிறான். வீட்டில் கொடுமை செய்த அப்பாவை இளம் வயதில் கொன்று, நீண்ட தண்டனையில் இருக்கிறவனிடம் அதிகாரி வந்து பேரம் பேசுகிறார்: எங்களுக்காகக் கொலை செய், வெளியே வரலாம். வேறு வழியில்லாதவனை, செத்தால் கேட்க ஆளில்லாதவனை அரசு தேடிப்பிடிக்கிறது என்ற உண்மை அந்த ஒரு காட்சியில் எட்டிப் பார்க்கிறது. அடுத்த நிமிடமே சண்டை தொடங்கிவிடுகிறது.

வயநாட்டுக் காவலர்

நிஜத்தில் முன்னாள் அரசுக் கொலையாளி எப்படி இருப்பார்? நமக்குப் பக்கத்திலேயே ஒருவர் இருந்தார்.

புதுச்சேரியின் நான்கு பகுதிகளில் ஒன்றான மாஹே, தலச்சேரிக்குப் பக்கத்தில் கேரளத்துக்குள் இருக்கிறது. அங்கிருந்து மலையேறினால் வயநாடு. என்னோடு ஆய்வு செய்யும் மாஹே தோழி ஒருத்தி, இந்த நாவலைப் பற்றி நான் பேசியதும், "உங்களுக்கு வர்கீஸ் தெரியாதா?" என்று கேட்டாள்.

வயநாட்டில் அடியர், பணியர் என்னும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக நிலவுடைமையாளர்களிடம் கொத்தடிமைகளாக இருந்தார்கள். வள்ளியூர்க்காவு கோயில் திருவிழாவில் அவர்களை ஓர் ஆண்டுக்கு இன்னாருக்கு என்று முன்பணம் கொடுத்து எடுத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. திருவிழாவில் ஒரு மனிதச் சந்தை. அந்த மக்களோடு தங்கி, அவர்களின் கூலிக்காகவும் மானத்துக்காகவும் போராடியவர் வர்கீஸ். பிறகு நக்சல்பாரி இயக்கத்துக்குப் போனார். 1970 பிப்ரவரி 18 அன்று திருநெல்லிக் காட்டில் போலீசுடன் நடந்த மோதலில் அவர் கொல்லப்பட்டார் என்றது அரசு.

28 ஆண்டுகள் அந்தக் கதை அப்படியே இருந்தது. 1998இல் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் முன்னாள் காவலர் ராமச்சந்திரன் நாயர் வெளிப்படையாகச் சொன்னார்: மோதல் எதுவும் நடக்கவில்லை. வர்கீஸ் பிடிபட்டு நிராயுதபாணியாக இருந்தார். மேலதிகாரியின் உத்தரவுப்படி நான்தான் சுட்டேன். மறுத்தால் நானும் மோதலில் செத்ததாகக் கணக்கு எழுதப்படும் என்று மிரட்டப்பட்டேன்.

வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. உண்மையைச் சொன்ன நாயர்தான் முதல் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டார். தீர்ப்பைப் பார்க்காமலே 2006இல் இறந்தார். 2010 அக்டோபரில் கொச்சி சி.பி.ஐ. நீதிமன்றம், அன்று டி.எஸ்.பி.யாக இருந்து ஐ.ஜி.யாக ஓய்வுபெற்ற லட்சுமணாவுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இன்னொரு ஓய்வுபெற்ற உயரதிகாரி போதிய ஆதாரம் இல்லையென்று விடுவிக்கப்பட்டார். கொலைக்கும் தீர்ப்புக்கும் இடையே 40 ஆண்டுகள்.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சுட்ட காவலர் பெயரிலேயே நாயர். கொல்லப்பட்ட வர்கீஸ் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். இருவருமே அடியர் இல்லை. பிறகு இதில் சாதி எங்கே என்று கேட்கலாம். வர்கீஸ் எதற்காகக் கொல்லப்பட்டார் என்பதில் இருக்கிறது. அடியர்களை அடிமைகளாகவே வைத்திருக்கும் ஒழுங்கை அவர் தொட்டார். அந்த ஒழுங்கைக் காப்பாற்ற ஒரு துப்பாக்கி தேவைப்பட்டது. அந்தத் துப்பாக்கியைப் பிடிக்க, மறுக்க முடியாத ஒரு கை தேவைப்பட்டது.

சந்தை வீதியில் ஒரு கொலை

2009 ஜூலை 23. மணிப்பூரின் இம்பால் நகரில், புகழ்பெற்ற பெண்கள் சந்தை இருக்கும் கடைவீதிப் பகுதி. நம் பெரிய மார்க்கெட்டைப் போலவே காய்கறியும் மீனும் துணியும் விற்கும் நெரிசல். பட்டப்பகலில் சஞ்சித் என்ற இளைஞரைப் போலீஸ் கமாண்டோக்கள் சூழ்ந்து நிற்கிறார்கள், பேசுகிறார்கள், ஒரு மருந்துக் கடைக்குள் தள்ளிக்கொண்டு போகிறார்கள். பிறகு அவரது உடல் வெளியே வருகிறது. அதே நாளில் அங்கே ரபீனா தேவி என்ற கர்ப்பிணிப் பெண்ணும் குண்டு பட்டு இறந்தார். சந்தைக்கு வந்தவர் அவர். சஞ்சித் தப்பியோட முயன்று சுட்டார் என்றது போலீஸ். புகைப்படக்காரர் ஒருவர் எடுத்த படங்களை 'தெகல்கா' இதழ் வெளியிட்டபோது அந்தக் கதை உடைந்தது.

2016 ஜனவரியில், அன்று சுட்ட தலைமைக் காவலர் ஹெரோஜித் சிங் ஊடகங்களிடம் ஒப்புக்கொண்டார்: சஞ்சித்திடம் ஆயுதம் இல்லை, மேலதிகாரியின் உத்தரவால் சுட்டேன். அதே ஆண்டு ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம், மணிப்பூரில் சட்டத்துக்குப் புறம்பாக நடந்ததாகச் சொல்லப்பட்ட 1528 மரணங்கள் குறித்த வழக்கில், கலவரப் பகுதி என்பதற்காக யாரையும் கேள்வியின்றிக் கொல்ல முடியாது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. அந்த வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர்களில் கொல்லப்பட்டவர்களின் மனைவிகளும் தாய்களும் முன்னால் நின்றார்கள்.

இன்னும் ஒருவரைச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு, பிளாக்பிளாஸ் என்ற பண்ணையில் ரகசியக் கொலைப்படை ஒன்றை வைத்திருந்தது. அதில் கறுப்பினக் காவலர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் அல்மண்ட் நோஃபோமேலா. வேறொரு கொலை வழக்கில் அவருக்குத் தூக்குத் தண்டனை. மேலதிகாரிகள் காப்பாற்றுவார்கள் என்று நம்பிக் காத்திருந்தார். யாரும் வரவில்லை. 1989 அக்டோபரில், தூக்கிலிடப்படுவதற்கு முந்தைய நாள் வாக்குமூலம் எழுதினார்: மனித உரிமை வழக்கறிஞர் கிரிஃபித்ஸ் எம்ஷெங்கேயை 1981இல் கொன்ற அரசுக் குழுவில் நானும் இருந்தேன். அந்த வாக்குமூலத்துக்குப் பிறகுதான் படையின் முன்னாள் தலைவர் டர்க் கூட்சியும் வாய் திறந்தார். வெள்ளை அரசின் ரகசியத்தை முதலில் உடைத்தது, அந்த ஏணியின் கடைசிப் படியில் நின்ற கறுப்பின மனிதரின் மரண பயம்.

மூன்று நாடகங்களிலும் ஒரே பாத்திரங்கள்தான். கொன்றவர் கீழ்நிலைக் காவலர். உத்தரவு வாய்மொழியாக வந்தது, எழுத்தில் இல்லை. உண்மை வெளிவந்தபோது முதலில் கூண்டில் நின்றவர் கொன்றவர். உத்தரவிட்டவரை நோக்கிக் கை நீள ஆண்டுகள் ஆயின, பல நேரம் நீளவே இல்லை. இவர்களில் யாரும் ஜென்ட்ரியைப் போல ஐரோப்பாவின் ரயில்களில் சாகசம் செய்யவில்லை. வேலையில்லாமல், வழக்கோடு, தூக்கம் வராமல் வாழ்ந்தார்கள்.

கையும் தலையும்

சாதி வெறும் வேலைப் பிரிவினைதான் என்று சொன்னவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர், அது உழைப்பவர்களையே மேல்கீழாக அடுக்கிப் பிரித்து வைப்பது என்று பதில் சொன்னார். ஊர் சுத்தமாக இருக்க மலம் அள்ள ஒருவர், பிணம் எரிக்க ஒருவர், செத்த மாட்டைத் தூக்க ஒருவர். அந்த வேலையின் பயன் ஊருக்கு, அழுக்கு அதைச் செய்பவருக்கு. ஊர் தன் கையைக் கழுவிக்கொண்டு, அவரைத் தொடாமல் ஒதுங்கி நிற்கும்.

அரசுக் கொலையும் இதே தர்க்கத்தில் நடக்கிறது. காவல்துறையில் சேருகிறவர்கள் எந்தச் சாதியிலிருந்து வந்தாலும், கீழ்ப்படியில் இருப்பவரின் கையால்தான் அழுக்கு வேலை நடக்கும். மேலே இருப்பவரின் கை சுத்தமாக இருக்கும். அவர் பதவி உயர்வு பெறுவார், பதக்கம் பெறுவார், ஓய்வுபெற்ற பிறகு தொலைக்காட்சி விவாதத்தில் சட்டம் ஒழுங்கு பற்றிப் பேசுவார். எந்த உயிர் மலிவானது என்பதையும் இதே அடுக்கு முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. இந்தியச் சிறைகளில் தலித்துகளும் பழங்குடியினரும் மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகமாக இருப்பது அரசின் சொந்தக் கணக்கிலேயே ஆண்டுதோறும் வருகிறது. சந்தேகப் பட்டியலில் முதலில் ஏறுகிற பெயர்தான் என்கவுண்டர் பட்டியலிலும் எளிதாக ஏறும்.

த்ரில்லர் நாவல் இந்த அடுக்கை எடுத்துவிட்டு ஒரு தனிமனிதனை நிறுத்துகிறது. அவன் யாருடைய கையும் இல்லை. அவனே முடிவெடுக்கிறான், அவனே நீதிபதி, அவனே தூக்குமேடை. அவனுக்குத் துரோகம் செய்த ஒரு கெட்ட அதிகாரி இருப்பான், கடைசியில் சாவான். அத்தோடு நீதி கிடைத்துவிட்டதாக நாம் புத்தகத்தை மூடிவிடுவோம். உத்தரவு வருகிற பாதை, அந்த உத்தரவால் யாருக்கு லாபம், செத்தவரின் வீட்டில் அடுத்த நாள் என்ன நடந்தது ஆகிய மூன்றும் கேட்கப்படாமலே போகும். அதனால்தான் சுட்டவன் கதை விற்கிறது. அது நம்மை எதுவும் கேட்க வைப்பதில்லை.

நாம் கைதட்டியபோது

இதுவரை சொன்னதை ஏற்றுக்கொள்வது இந்தத் தளத்தின் வாசகர்களுக்குச் சிரமமாக இருக்காது. இனிச் சொல்வது சிரமமாக இருக்கலாம். எனக்கும் சிரமமாகவே இருந்தது.

2019 டிசம்பர் 6. அண்ணலின் நினைவு நாள். அன்று அதிகாலை, ஹைதராபாத் அருகே கால்நடை மருத்துவர் ஒருவரைப் பாலியல் வன்கொலை செய்ததாகக் கைதான நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. மக்கள் போலீஸ் மீது பூ தூவினார்கள், இனிப்பு ஊட்டினார்கள். நினைவு நாள் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த நண்பர்கள் சிலர்கூட அன்றிரவு அந்தச் செய்தியைக் கொண்டாட்டத்தோடு பகிர்ந்தார்கள். 2022இல், உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை வெளியானது. கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுடப்பட்டார்கள் என்றும், நால்வரில் மூவர் சிறார் என்றும் ஆணையம் சொன்னது. நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட வேண்டிய குற்றம் நிரூபிக்கப்படாமலே முடிந்துபோனது. அந்தப் பெண்ணுக்கும் நீதி கிடைக்கவில்லை.

பிறகு நம் வீட்டு வாசலுக்கே வந்தது. 2024 ஜூலை 5 அன்று பகுஜன் சமாஜ் கட்சியின் தமிழ்நாடு மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் சென்னை பெரம்பூரில் வெட்டிக் கொல்லப்பட்டார். பிள்ளைகளைப் படிக்க வைத்த, வழக்கறிஞர்களை உருவாக்கிய, புத்தரையும் அம்பேத்கரையும் வடசென்னையின் தெருக்களுக்குக் கொண்டுபோன தலைவர். அந்த வாரம் நாங்கள் எல்லோரும் கோபத்தில் இருந்தோம். ஜூலை 14 அதிகாலை, வழக்கில் கைதானவர்களில் ஒருவரை ஆயுதம் பறிமுதல் செய்ய மாதவரம் பக்கம் அழைத்துப் போனதாகவும், அவர் சுட்டதால் திருப்பிச் சுட்டதாகவும் போலீஸ் சொன்னது. அவர் இறந்துவிட்டார்.

அந்தக் காலை என் கைபேசிக்கு வந்த செய்திகளில் சில, "ஒருத்தன் போயிட்டான்" என்றன. உண்மையைச் சொன்னால், படித்த முதல் நொடியில் எனக்கும் ஏதோ ஆறுதல் போல இருந்தது. அந்த நொடியைப் பற்றி நான் இன்னும் வெட்கப்படுகிறேன்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உண்மையான சதிகாரர்கள் யார், பணம் கொடுத்தது யார், ஏன் செய்தார்கள் என்று இயக்கங்கள் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்கக்கூடிய ஒரு வாய் நிரந்தரமாக மூடப்பட்டது. குறுக்கு விசாரணை செய்ய முடியாத சாட்சியாக அவர் ஆக்கப்பட்டார். ஒரு தலித் தலைவரின் கொலையில் முழு உண்மையை அறிவது நம் உரிமை. என்கவுண்டர் அந்த உரிமையைச் சுடுகிறது. நம் கோபத்தைத் தணிக்க ஒரு பிணத்தைக் கொடுத்துவிட்டு, விசாரணையை அது எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

சட்டம் இதில் ஊமையாக இல்லை. 2011இல் ஒரு போலி மோதல் வழக்கில் உச்ச நீதிமன்றம், மேலதிகாரி சொன்னார் என்பது கொலைக்குச் சாக்காகாது என்று நாஜிகள் மீதான நியூரெம்பெர்க் விசாரணையை நினைவூட்டியே சொன்னது. 2014 செப்டம்பர் 23 அன்று, என்கவுண்டர் மரணம் ஒவ்வொன்றிலும் என்ன செய்ய வேண்டும் என்று 16 அம்ச நெறிமுறை வகுத்தது. முதல் தகவல் அறிக்கை, தனிப்பட்ட விசாரணை, மாஜிஸ்திரேட் விசாரணை எல்லாம் கட்டாயம். சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ தரக் கூடாது. ஆனால் நெறிமுறை காகிதத்தில் இருக்கிறது, கைதட்டல் தெருவில் இருக்கிறது. அதிகாரிகளுக்கு எது அதிகம் கேட்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அதே சட்டம் காவலரிடம் 'மறுத்துவிடு' என்கிறது. மறுத்தால் அவரைக் காப்பாற்ற என்ன வைத்திருக்கிறது? பணியிட மாற்றம், தண்டனைப் பணி, தற்காலிக நீக்கம் ஆகியவற்றை எதிர்த்து நிற்க அவருக்கு வலுவான சங்கம்கூட இல்லை. காவலர்கள் சங்கம் அமைப்பதையே சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. வயநாட்டில் அந்த மிரட்டல் உயிருக்கே வந்தது. காவலர் மறுக்க முடிகிற நிலையை உருவாக்குவதும் சாதி ஒழிப்பு அரசியலின் வேலைதான். ஏனென்றால் அந்தக் கடைசிப் படியில் இனி அதிகமாக நிற்கப்போவது நம் பிள்ளைகள். இடஒதுக்கீட்டால் காக்கிக்குள் நுழைந்த நம் தம்பிகளின், தங்கைகளின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, நம்மைப் போன்றவர்களை நோக்கித் திருப்பச் சொல்லும் நாள் வந்தால், 'முடியாது' என்று சொல்ல அவர்களுக்கு ஒரு சமூகம் பின்னால் இருக்க வேண்டும். என்கவுண்டருக்குக் கைதட்டிப் பழகிய சமூகம் அந்தத் துணையாக இருக்க முடியாது.

தம்பிக்கு

போன வாரம் தம்பியிடம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பெரிய மார்க்கெட்டில் சித்தியின் கீரைக் கடையருகே, கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். ராமச்சந்திரன் நாயரின் கதையைச் சொன்னேன். இம்பால் சந்தையைச் சொன்னபோது, அவன் பார்வை எதிர்வரிசை மீன்காரம்மாக்கள் பக்கம் போனது. கர்ப்பிணிப் பெண்ணைச் சொன்னதும் சித்தி கீரை கட்டுவதை நிறுத்திவிட்டார்.

"அப்போ நான் போலீஸ் ஆகக் கூடாதுன்றியாக்கா?" என்றான்.

இல்லை என்றேன். ஆக வேண்டும். நம் தெருவில் ஜீப் வரும்போது கதவைச் சாத்தத் தேவையில்லாத ஒரு போலீஸ் ஆக வேண்டும். ஆனால் "கவர்மெண்டு சொன்னதத்தான செஞ்சான்" என்று நீ சொன்னாயே, அதை அங்கே நிறுத்தாதே. கவர்மெண்டு என்றால் யார், என்ன சொன்னார், எழுத்தில் சொன்னாரா, யாருக்காகச் சொன்னார் என்று அடுத்ததையும் கேள்.

சித்தி ஒன்று சொன்னார். அவரது தாத்தா மில்லில் வேலை செய்தவர். 1936 ஜூலை 30 அன்று, எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட உரிமைகளுக்காகப் போராடிய சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் துப்பாக்கிகள் சுட்டன. 12 பேர் இறந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் தொழிற்சங்கங்கள் அவர்களுக்கு அஞ்சலி செலுத்துகின்றன. "செத்தவங்களுக்குத்தான் இந்த ஊர்ல மாலை போடுறாங்க. சுட்டவன் பேரு எவனுக்குத் தெரியும்?" என்றார் சித்தி.

இந்த ஊர் தெரிந்தோ தெரியாமலோ ஒரு சரியான பழக்கத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. கொலையில் முதலில் நினைக்க வேண்டியவர் கொல்லப்பட்டவர். அடுத்துத் தேட வேண்டியவர் உத்தரவிட்டவர். சுட்டவரைச் சட்டத்தின் முன் நிறுத்த வேண்டும். அவர் பேச முன்வந்தால் அவரைப் பாதுகாக்கவும் வேண்டும். அவரை நாயகனாக்கத் தேவையில்லை.

த்ரில்லர் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் அடுத்ததைப் படிப்பேன். படித்து முடித்ததும் ஒரு காகிதத்தை எடுத்து, செத்தவர்களின் பெயரை எழுதிப் பாருங்கள். அடுத்த முறை ஓர் அதிகாலை என்கவுண்டர் செய்தி உங்கள் கைபேசிக்கு வரும்போதும், அது நம் எதிரியே ஆனாலும், பகிர்வதற்கு முன் அதையே செய்யுங்கள்.